நடமாட்டப் பதிவேட்டில் ஒரு கால்

குடிநீர் இணைப்பு அலுவலகத்துக்குள் நுழைந்து நம்பர் அக்கா எங்கே என்று கேட்டால் சுவர்கூடக் கை காட்டும். வாசலுக்கு நேர் எதிரே முதல் மேசை அவளுடையது. உள்ளே வருகிற எந்தத் தாளும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். வாங்குவாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி டப்பென்று ஒரு குத்து, அந்த முத்திரைக்குள் ஒரு எண், பக்கத்திலிருக்கும் பெரிய பதிவேட்டில் அதே எண். எண் விழாதவரை அது வெறும் தாள். எண் விழுந்தால் மனு. மனுவுக்கு உறை போட்டு நாடா கட்டினால்தான் கோப்பு. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்கள் அந்த அலுவலகத்தில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்ததில்லை.

இருபத்தோரு வருடமாக அவளுக்கு ஒரே நாற்காலி. அவள் அதில் உட்கார்ந்ததா, அது அவள்மேல் ஒட்டிக்கொண்டதா என்று சொல்ல முடியாதபடி இரண்டும் பழகிவிட்டன. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுவாள். சாப்பாடும் மேசையிலேயே. நடுவில் எழ வேண்டி வரக் கூடாதே என்று தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பாள், காலையில் அரை தம்ளர், மதியம் அரை தம்ளர். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற அலுவலகத்தில் ஒருத்தி நாவறண்டு உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் எழாததைக் கவனித்த கண்காணிப்பாளர் மட்டும் மற்றவர்களிடம் சொல்வார்: "அந்தம்மாவைப் பாருங்கய்யா. இடி விழுந்தாலும் சீட்டை விட்டு நகராது. அதுதான் பொறுப்பு."

இடி விழவில்லை. இடது கால் வீங்கியது.

ஒரு மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது கெண்டைக்கால் வலதுக்கு அண்ணனாகியிருந்தது. தொட்டால் சூடு. அழுத்தினால் உயிர் போகிற வலி. புதுச் செருப்பு கடித்திருக்கும் என்றாள் அவள். எறும்பு கடித்திருக்கும் என்றார் எதிர்வீட்டுக்காரர். பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவர் மனைவியின் காலை மடியில் எடுத்து வைத்து, நான்கு நாள் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிட்டார். ஐந்தாம் நாள் மகள் இருவரையும் திட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ஸ்கேன் எடுத்த டாக்டர், காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்.

கணவருக்கு இது தன்னுடைய துறை என்று தோன்றியது. "டியூப்ல அடைப்புன்னா காத்தை வேகமா அடிச்சா தள்ளிக்கிட்டுப் போயிடும் டாக்டர். இதுக்கும் அப்படி ஏதாவது..."

"அப்படித் தள்ளிக்கிட்டுப் போகக் கூடாதுன்னுதான் நானே பயந்துக்கிட்டிருக்கேன். அந்தக் கட்டி கொஞ்சம் பேந்து மேல போய் நுரையீரலை அடைச்சா ஆளே இருக்க மாட்டாங்க. யாராவது பிடிச்சு கிடிச்சு விட்டீங்களா?"

கணவர் தன்னுடைய இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்தார். பிறகு அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று முழுக்க அந்தக் கைகள் முன்னால் வரவில்லை.

வயிற்றில் ஊசி, பிறகு மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க அந்த மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில், ஆறு மாதத்துக்கு, ஒரு வேளை தவறாமல் போட வேண்டும். வேறு வலி மாத்திரை எதுவும் கேட்காமல் போடக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நொடி தாமதிக்காமல் ஓடிவர வேண்டும். முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கிற ஒரு காலுறை. அதைப் போடுவது தனிக் கலை. டயரை ரிம்மில் ஏற்றுகிற லாவகத்தோடு கணவர்தான் தினமும் போட்டுவிட்டார். முதல் நாள் அது சரியாக ஏறி உட்கார்ந்தபோது அவருக்கு வாய் திறந்தது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க. உனக்குக் காலுக்கு வந்தது காலுறையோட போச்சு."

"இன்னும் போகலைங்க. உள்ளதான் இருக்கு" என்றாள் அவள்.

மகள் அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாங்கி இரண்டு வருடமாகிறது. நாற்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். எங்கெங்கோ நாற்பது நம்பர் அக்காக்கள் அவற்றுக்கு எண் போட்டு வைத்திருப்பார்கள். அம்மா படுத்திருந்த நாட்களில் ரத்தக்குழாய் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, படம் போட்டு, அம்பு போட்டு, அம்மாவுக்கு விளக்கினாள். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "சரி, அதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் படம் இல்லை. இத்தனை வருடப் படிப்பு, தெரிந்ததை இன்னும் நீளமாகச் சொல்ல மட்டும்தான் கற்றுக்கொடுத்ததோ என்று மனதில் ஒரு முள் குத்தியது. எழுந்து போய், தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு டேப் ஒன்று வாங்கிவந்தாள். அன்றிலிருந்து தினம் காலையில் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து காலண்டரில் குறிப்பது அவள் வேலையாயிற்று. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் மூன்று விரலிலிருந்து இரண்டாகி, ஒன்றாகி, ஒருநாள் நகக்கண் அளவுக்கு வந்தது.

ஒரு மாத விடுப்பு முடிந்தது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சான்றிதழ் எழுதினார். கீழே ஒரு வரி: தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, மணிக்கொரு முறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

கண்காணிப்பாளர் அந்தச் சான்றிதழை மூன்று முறை படித்தார். முத்திரை சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது. அந்தக் கடைசி வரி மட்டும் அவருக்குச் செரிக்கவில்லை.

"நடக்கணும்னு போட்டிருக்காரு. சரி. எங்கன்னு போடலையே?"

"எங்கயாவது சார். இந்த வராண்டாவுல."

"நடமாட்டப் பதிவேட்டுல எதுக்குன்னு எழுதுவீங்க?"

நடமாட்டப் பதிவேடு அந்த அலுவலகத்தின் இதயம். எப்போதோ ஒரு உதவியாளர் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், நான்காம் நாள் புது மனைவியோடு திரும்பி வந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தப் பதிவேடு. இடத்தை விட்டு எழுகிற எல்லோரும் அதில் எழுத வேண்டும்: எழுந்த நேரம், திரும்பிய நேரம், சென்ற இடம், எந்த அலுவலகப் பணிக்காக. இதற்கு அஞ்சியே பலர் எழுவதில்லை. இருபத்தோரு வருடத்தில் நம்பர் அக்காவின் பெயர் அதில் ஒரு முறைகூட வந்ததில்லை.

"காலுக்குன்னு எழுதறேன் சார்."

"கால் ஆபீஸ் வேலை இல்லையேம்மா. அது உங்க சொந்த விஷயம்."

"அந்தக் காலோடதானே சார் ஆபீசுக்கு வரேன்?"

"வரலாம். வந்த பிறகு அது உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் நாற்காலி." அவர் கெட்டவரில்லை. மேசையைப் பென்சிலால் தட்டித் தட்டி உண்மையாகவே யோசித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணுங்க. எந்திரிக்கிறப்ப கையில ஒரு ஃபைலை எடுத்துக்குங்க. கையில ஃபைல் இருந்தா அது வேலை. இல்லேன்னா அது உலாத்தல். ரூலுக்கு ரூலும் ஆச்சு, காலுக்குக் காலும் ஆச்சு."

அவளும் சரியென்றாள். இப்படியாக, அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே பெரிய விபரீதம் தொடங்கியது.

அதுவரை கோப்புகளை மேசைக்கு மேசை கொண்டுபோவது ராக்கெட்டின் பொறுப்பு. அலுவலக உதவியாளரான அவருக்கு அந்தப் பெயர் எதனால் வந்தது என்று அவர் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. திங்களும் வியாழனும் கோப்புகளை எடுத்து வைப்பார். மற்ற நாட்களில் திங்களையும் வியாழனையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அடுத்த மேசை பரிசீலனை. அங்கே இருப்பவருக்குக் கேள்விக்குறி என்று பெயர். எந்தக் கோப்பு வந்தாலும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பிவிடுவார். 'வீட்டின் வடக்கே என்ன உள்ளது?' என்று கேட்பார். காலி மனை என்று பதில் வந்தால் 'எவ்வளவு காலமாகக் காலி?' என்பார். ஒவ்வொரு கேள்வியும் ராக்கெட்டில் ஏறிப் போய்ப் பதிலோடு திரும்ப இரண்டு வாரம். ஒரு குழாய் இணைப்பு மனு ஒப்புதலாகி வெளியே வர மூன்று மாதம் ஆகும். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. வானம் என்றால் மேலே இருக்கும், மனு என்றால் மூன்று மாதம் கிடக்கும்.

இப்போது மகள் கைப்பேசியில் வைத்துக்கொடுத்த அலாரம் பத்து மணிக்கு நடுங்கியது. நம்பர் அக்கா தண்ணீர் குடித்தாள், ஒரு கோப்பை எடுத்தாள், பதிவேட்டில் எழுதினாள், நடந்தாள். வராண்டாவின் கோடிவரை அறுபத்திரண்டு அடி. போகிற வழியில் கேள்விக்குறியின் மேசை. கோப்பை வைத்தாள். திரும்பி வரும்போது வெறுங்கையாக வந்தால் உலாத்தல் ஆகிவிடுமே என்று அவர் மேசையில் கேள்வியோடு கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். வாசலில் அந்த மனுதாரரே உட்கார்ந்திருந்தார். கேட்டாள். சொன்னார். எழுதினாள். பதினொரு மணிக்குப் பதில் கேள்விக்குறியின் மேசைக்குப் போய்விட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னக்கா, அதுக்குள்ள பதிலா?"

"மணியாயிடுச்சு தம்பி. கால் சும்மா இருக்க விடல."

பன்னிரண்டுக்கு இன்னொரு பதில். இரண்டுக்கு இன்னொன்று. சாப்பாட்டு வேளை நீங்கலாக நாளொன்றுக்கு ஆறு நடை, போக ஒன்று வர ஒன்று. இரண்டாவது வாரம் கேள்விக்குறியின் முகம் வெளிறிவிட்டது. கேள்வி கேட்பது அவருக்குப் பிடித்த வேலை. பதிலைப் படிப்பது பழக்கமில்லாத வேலை. ஒரே கோப்பு ஒரே நாளில் நான்கு முறை திரும்பி வந்தால் மனிதன் எத்தனை கேள்விதான் கண்டுபிடிப்பான்? வடக்கே கேட்டார், தெற்கே கேட்டார், திசைகள் தீர்ந்துபோயின. மூன்றாவது வாரம் ஒரு பிற்பகலில் பேனாவை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதினார். எழுதிவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவாத்தான் நடங்களேன் அக்கா" என்று ஒருநாள் கெஞ்சியே விட்டார். "உங்களுக்கு ஒரு கால்லதான் அடைப்பு. எனக்கு இந்த வேகத்துக்கு எல்லாமே அடைச்சுக்கும் போல இருக்கு."

"நீங்களும் எந்திரிச்சு நடங்க. சரியாயிடும்."

"எதுக்குன்னு ரிஜிஸ்டர்ல எழுதறது?"

மனுதாரர்கள்தான் பாவம். நாற்பதாவது நாள் முதல் முறையாக விசாரிக்க வருவது அவர்கள் வழக்கம். அப்படி வந்த ஒருவரிடம் "உங்களுதுக்கு ஒப்புதல் ஆகி இருபது நாளாச்சுங்க" என்றபோது அவர் நம்பவில்லை. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு சீக்கிரம் வந்தா எங்கயோ தப்பு இருக்கும்மா. நாளைக்கு யாராவது வந்து குழாயைப் பிடுங்கிட்டுப் போயிட்டா?" என்று கவலைப்பட்டு, பாதுகாப்புக்கு இன்னொரு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கும் எண் போட்டாள்.

நம்பர் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம். இத்தனை வருடம் எண் போட்டதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்தாளே, அந்த எண்களெல்லாம் எங்கே போயின என்று ஒருநாளாவது திரும்பிப் பார்த்தாளா? அறுபத்திரண்டு அடிக்குள்ளேதான் கிடந்தன. யோசிக்கும்போதெல்லாம் கை தானாகக் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். சூடு இல்லை. நல்லது.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு நிலுவை அறிக்கை போக வேண்டும். நிலுவையில் உள்ள கோப்புகள் என்ற கட்டத்தில் கண்காணிப்பாளர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு பூஜ்யம் போட்டார். ஒரு வாரத்தில் அறிக்கை திரும்பி வந்தது. 'கட்டம் நிரப்பப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நிரப்பித்தான் இருக்கிறது, அது பூஜ்யம் என்று விளக்கம் எழுதி அனுப்பினார்கள். அதற்குப் பதில் வரவில்லை. ஆய்வு அதிகாரி வருகிறார் என்று தகவல்தான் வந்தது.

அலுவலகம் கலங்கிப் போயிற்று. நிலுவை இல்லையென்றால் வேலை இல்லையென்று பொருள். வேலை இல்லாத இடத்தில் இத்தனை நாற்காலி எதற்கு என்று கேட்பார்கள். கேள்விக்குறி அவசர அவசரமாக ஒப்புதலான கோப்புகளை எடுத்து, கிழக்குத் திசையை மறுபடி விசாரிக்க முடியுமா என்று பார்த்தார். கண்காணிப்பாளர் நம்பர் அக்காவைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். நடமாட்டப் பதிவேடு அவர் முன்னால் திறந்து கிடந்தது. பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து.

"உக்காருங்கம்மா."

"நிக்கிறேன் சார். காலுக்கு நல்லது."

"ஒரு நாளைக்கு ஆறு தடவை. முப்பது நிமிஷம். மூணு மாசம். இதைப் பார்த்தா அவர் என்ன நினைப்பாரு? சீட்டுல ஆளே இல்லாம ஒரு சீட்டு நடக்குது, அப்ப அந்த சீட்டே வேண்டாம்பாரு. நான் மிரட்டறதா நினைக்காதீங்க. ஒரு போஸ்ட்டைக் குறைக்கணும்னா முதல்ல போறது உங்களுதுதான்."

"ஃபைலை எடுத்துக்கிட்டு நடன்னு நீங்கதானே சார்..."

"நடன்னு சொன்னேன். வேலையை முடின்னு சொன்னேனா?" அவர் பதிவேட்டை மூடினார். "இங்க பாருங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள். அவர் வந்துட்டுப் போற வரைக்கும் எந்திரிக்காதீங்க. ஒன்பதுல இருந்து அஞ்சு. முன்ன இருந்த மாதிரி. ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஒரு நாள்தானே" என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த காலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "எனக்கு எதுவும் தெரியாது. நாலு நாள் நான் பண்ணதே போதும்."

"விதிப்புத்தகம் எங்கயாவது கிடைக்குமாம்மா? டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. நான் ஒரு மனு எழுதித் தரேன்" என்றாள் மகள்.

"எழுது. நானே எண் போட்டுக்கறேன்" என்றாள் அவள். மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. இந்த வீடு நிற்பது அந்த நாற்காலியில். நாற்காலி போனால் பஞ்சர் கடையை நம்ப வேண்டும், அல்லது அந்த நாற்பது விண்ணப்பங்களை. கால் போனாலோ, அந்தக் கணக்கே வேண்டாம். மகள் டேப்பை எடுத்து, காலையில் அளக்க வேண்டியதை மாலையிலேயே ஒரு முறை அளந்தாள்.

ஆய்வு அதிகாரி விடியும் முன்னே புறப்பட்டு ஐந்து மணி நேரம் வண்டியில் வந்திருந்தார். ஒன்பதே முக்காலுக்கு உள்ளே நுழைந்தார். சிரிப்பு என்ற பழக்கம் இல்லாத முகம். நடமாட்டப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, நம்பர் அக்காவின் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

பத்து மணிக்குக் கைப்பேசி நடுங்கியது. நம்பர் அக்கா அதை அமுக்கினாள். அலுவலகம் மூச்சு விட்டது. பதினொன்றுக்கு மறுபடி நடுங்கியது. மறுபடி அமுக்கினாள். மேசைக்கடியில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். பதினொன்றரைக்குக் கால் கனக்கத் தொடங்கியது. நிஜமாகக் கனக்கிறதா, பயத்தில் கனக்கிறதா? உறைந்துபோவது எப்படித் தொடங்கும்? சத்தம் போடாமல்தானே தொடங்கியது போன முறையும். இருபத்தோரு வருடம் இதே இடத்தில் நல்ல பெயர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதானே தொடங்கியது? முத்திரையை எடுத்தாள். அடுத்த தாளில் குத்தினாள். முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது. அவள் கையில் அப்படி விழுந்ததேயில்லை.

பன்னிரண்டு அடித்தது. கைப்பேசி நடுங்கியது. அவள் எழுந்தாள்.

கண்காணிப்பாளர் கண்ணாலேயே கெஞ்சினார். ராக்கெட் வாழ்க்கையில் முதல் முறையாக வேகமாக ஓர் அடி எடுத்து வைத்து, அவள் கையில் திணிக்க ஒரு கோப்பைத் தேடினார். நிலுவை இல்லாத அலுவலகத்தில் கோப்புக்கு எங்கே போவார்?

அதிகாரி தலை நிமிர்ந்தார். "எங்க போறீங்க?"

"நடக்க."

"எங்க?"

"அந்தக் கோடி வரைக்கும். அப்புறம் திரும்பி வருவேன்."

"எந்த வேலையா?"

"ரத்தம் ஓடணும் சார். அந்த வேலைதான்."

சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். அந்த வராண்டாவில் வெறுங்கையோடு ஒரு மனுஷி நடப்பதை எல்லோரும் அன்றுதான் பார்த்தார்கள். அறுபத்திரண்டு அடி போக, அறுபத்திரண்டு அடி வர. மறுபடி போக, மறுபடி வர. ஐந்து நிமிடம் அவ்வளவு நீளமானது என்று அந்த அலுவலகத்துக்கு அதுவரை தெரியாது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் வந்து உட்கார்ந்து, பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, எந்த அலுவலகப் பணிக்காக என்ற இடத்தில் 'கால்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தண்ணீர் குடித்தாள்.

அவர் சான்றிதழைப் படித்தார். பிறகு மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வண்டியில ரொம்ப நேரம் வந்தா கால் வீங்குது எனக்கு. அது இதுதானா?"

"ஒரு காலா, ரெண்டு காலா சார்?"

"ரெண்டும்."

"எனக்கு ஒண்ணுலதான் வந்துச்சு. ரெண்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது சார். எனக்கு எண் போடத்தான் தெரியும். டாக்டர்கிட்டக் காட்டுங்க. யாரையும் பிடிச்சு விடச் சொல்லாதீங்க."

அதிகாரி மதியம் எழுந்து, வராண்டாவில் இரண்டு நடை நடந்துவிட்டு, வண்டியேறிப் போனார்.

மூன்று வாரம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. யாருடைய நாற்காலியும் போகவில்லை. பணியாளர் உடல்நலம் கருதி எல்லா அலுவலகங்களிலும் எல்லோரும் மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். இதற்கென நடைப் பதிவேடு என்று தனியாக ஒன்று திறக்க வேண்டும். நடமாட்டப் பதிவேட்டோடு குழப்பம் ஏற்படாதிருக்க, நடையின்போது கோப்புகளைக் கையில் எடுத்துச் செல்லக் கூடாது. கோப்புகளை வழக்கம்போல் அலுவலக உதவியாளரே கொண்டுசெல்வார். நடைப் பதிவேட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். இத்துறையில் முன் அனுபவம் உள்ளவர் என்ற முறையில், பதிவு மேசைப் பணியாளர் அப்பொறுப்பை வகிப்பார். கையெழுத்துகளைப் பெற அவர் எந்நேரமும் பதிவேட்டின் அருகிலேயே இருக்க வேண்டும்.

கண்காணிப்பாளருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. "பார்த்தீங்களாம்மா, உங்க காலுக்குக் கிடைச்ச மரியாதையை! இனிமே நீங்க எந்திரிக்கவே வேண்டியதில்ல. எல்லாரும் நடந்துட்டு உங்ககிட்ட வந்து கையெழுத்துப் போடுவாங்க."

யாரும் நடக்கவும் இல்லை, வரவும் இல்லை. முதல் நாள் காலை ஒன்பதுக்கே ராக்கெட் பதிவேட்டை மேசை மேசையாகக் கொண்டுபோனார். அன்றைய ஆறு நடைக்கும் எல்லோரும் ஒரே மூச்சில் ஆறு கையெழுத்துப் போட்டார்கள். "இன்னைக்கு நடையெல்லாம் முடிஞ்சுதுக்கா" என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு முக்காலியில் காலை நீட்டிக்கொண்டார். கேள்விக்குறி புத்துணர்ச்சியோடு பேனாவைத் திறந்தார். இரண்டே வாரத்தில் நிலுவைக் கட்டத்தில் ஒரு கௌரவமான எண் வந்தது. நடப்பதற்கென்று ஒரு பதிவேடு வந்த பிறகு, நடக்க வழியில்லாமல் போனவள் அந்த அலுவலகத்தில் ஒருத்திதான். எழுந்தால் பொறுப்பைக் கைவிட்டவள்; உட்கார்ந்தால் கால். கழிப்பறைக்கு, குடிநீர்ப் பானைக்கு என்று எதையாவது சாக்காக வைத்து நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். காலண்டரில் இடது காலின் அளவு அரை விரல் ஏறியிருந்தது.

அதைப் பார்த்த அன்று மகள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் நடையைக் குறைத்தால் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர். திரும்பி வந்ததும் மகள் சுற்றறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். ஒரு முறை, இரண்டு முறை. பரீட்சைக்குப் படிப்பது போல அடிக்கோடு போட்டுக்கொண்டு மூன்றாம் முறை.

"அம்மா, இதுல நாற்காலின்னு எங்கயும் இல்லம்மா."

"பின்ன?"

"பதிவேட்டின் அருகிலேயே இருக்கணும்னுதான் இருக்கு. பதிவேடு எங்க இருக்கணும்னு போடவே இல்ல."

அம்மா மகளைப் பார்த்தாள். "உன்னைப் படிக்க வெச்சது வீண் போகலடி."

மறுநாள் பத்து மணிக்குக் கைப்பேசி நடுங்கியது. நம்பர் அக்கா தண்ணீர் குடித்தாள். நடைப் பதிவேட்டைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, அம்மா" என்று பதறினார் கண்காணிப்பாளர். "நீங்க பதிவேட்டுக்குப் பக்கத்துலயே இருக்கணும்னு சுற்றறிக்கை."

"இதைவிடப் பக்கத்துல எப்படி சார் இருக்கறது?"

அவர் சுற்றறிக்கையை எடுத்து, விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினார். விரல் கடைசிவரை போயும் தடுக்க ஒரு வரி தட்டுப்படவில்லை.

அவள் கேள்விக்குறியின் மேசைக்குப் போனாள். பதிவேட்டை மேசைமேல் வைக்கவில்லை. அவர் தலைக்கு மேல் இருந்த ஜன்னல் திட்டில் வைத்துத் திறந்தாள். "எந்திரிச்சுப் போடுங்க தம்பி. பத்து மணி நடைக்குப் பத்து மணிக்குத்தான் கையெழுத்து."

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். பக்கத்தைப் புரட்டியவர் திகைத்தார். பதிவேட்டின் நடுவில் நான்கு மனுக்கள். எண் போட்டவை, உறையும் இல்லை, நாடாவும் இல்லை.

"அக்கா! நடையில கோப்பு எடுத்துட்டு வரக் கூடாதுன்னு..."

"இது கோப்பா தம்பி? நல்லாப் பாருங்க. உறை எங்க, நாடா எங்க?"

அவர் நல்லாப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் பதினெட்டு வருடம் இருந்தவர். மனுவுக்கும் கோப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? மனுக்களைக் கையில் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல், வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"பதினோரு மணிக்குச் சொல்றேன்" என்று பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்பர் அக்கா வராண்டாவின் கோடியை நோக்கி நடந்தாள். இன்னும் முப்பத்தைந்து அடி இருந்தது.